திசுக்குழாய் எப்படி உருவாகிறது: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்கியல் தேர்வில், உடம்புக்குள் இருக்கும் செல்களாலான குழாய்கள் எப்படி உருவாகின்றன என்ற கேள்வி வந்தால் பாதிப்பேர் "செல்கள் பெருகப் பெருகக் குழாய் நீள்கிறது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை முதலில் விடுங்கள். பழ ஈயின் கருவில் மூச்சுக்குழலுக்கான செல்கள் பக்கத்துக்கு 10 கூட்டமாக, கூட்டத்துக்குச் சுமார் 80 என்று நிற்கின்றன. உள்ளே மடிந்து பையானதும் அவை பிரிவதை நிறுத்திவிடுகின்றன. அப்புறம் கிளைகள் எல்லாம் வருவது செல்கள் நகர்ந்து, நீண்டு, இடம் மாறி அடுக்கிக்கொள்வதால்தான்.

நம்ம கோபி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் மனை இல்லாத ஊர் குறைவுங்க. கூடு கட்டப்போகும் முற்றிய புழு ஒன்றைக் கீறிப் பாருங்கள், மடங்கி மடங்கி இரண்டு பளபளப்பான குழாய்கள் உடம்பையே அடைத்துக் கிடக்கும். அதுதான் பட்டுச் சுரப்பி: பின்பகுதியில் பட்டு இழையின் புரதமான ஃபைப்ராயின், நடுவில் இழைகளை ஒட்டும் பசைப் புரதமான செரிசின், முன்னால் மெல்லிய வடிகுழாய். இவ்வளவு பெரிய உறுப்பிலும் செல் பிரிவது கருவிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு பிரியாமலே டி.என்.ஏ.வை மட்டும் திரும்பத் திரும்பப் படியெடுத்து ஒவ்வொரு செல்லும் அளவில் பெரிதாகிறது. இதை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் அந்த முதல் வரியை எழுத மாட்டார்கள்.

எல்லாக் குழாயும் தகடு சுருண்டுதான் வரும் என்பதும் தப்பு. நரம்புக்குழாய் அப்படித்தான்; நுரையீரல் மொட்டுவிட்டுக் கிளைக்கிறது, பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியிலோ கெட்டியான செல்தண்டு நடுவில் துளைபடுகிறது.

அதிகம் மதிப்பெண் போவது மரபணுவில். பழ ஈயில் டிராக்கியாலெஸ் மரபணு "நீ மூச்சுக்குழல் செல்" என்று முடிவு செய்கிறது. பிராஞ்ச்லெஸ் என்பது குழல் செல்களை இழுக்கும் அழைப்புப் புரதம், அது வெளியே சுற்றியுள்ள செல்களிலிருந்து வருகிறது. அதை வாங்கும் ஏற்பி பிரெத்லெஸ், குழல் செல்லில் இருக்கிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் கிளை ஏன் அந்தத் திசையில் போகிறது என்றே விளக்க முடியாது. எலியிலும் பிராஞ்ச்லெஸின் குடும்பத்தைச் சேர்ந்த எஃப்.ஜி.எஃப்.10 என்ற அழைப்புப் புரதம் இல்லாவிட்டால் மூச்சுக்குழல் வரும், நுரையீரல் வராது.

சரி, துளை வந்தால் வேலை முடிந்ததா? இல்லை, அளவையும் கட்டுப்படுத்த வேண்டும். ஈயின் குழலுக்குள் தற்காலிகமாக ஒரு கைட்டின் (பூச்சிகளின் மேலோட்டில் இருக்கும் பொருள்) தண்டு இருக்கும். அதைச் சீர்செய்யும் செர்பென்டைன், வெர்மிஃபார்ம் மரபணுக்கள் பழுதானால் குழல் அளவுக்கு மீறி நீண்டு நெளிகிறது. மனிதரில் பி.கே.டி.1 அல்லது பி.கே.டி.2 என்ற மரபணு கெட்டால் சிறுநீரக நுண்குழல்கள் ஊதி நீர்க்கட்டிகளாகின்றன, பலருக்கு அது டயாலிசிஸ் வரை போகிறது.