மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் மீள்வருகை அச்சத்தை அளப்பது எப்படி

சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமல் தடுக்கத் தினமும் டெமொக்சிபன் மாத்திரை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய ஒரு பெண்ணிடம் "பயமா இருக்காக்கா?" என்று கிளினிக் வரிசையில் வைத்துக் கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க மிஸ்ஸி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நோய் திரும்பவும் வந்துவிடுமோ, பரவிவிடுமோ என்ற அச்சத்தை அளக்க விரும்பும் தாதியரும் சமூகநல ஊழியரும் மாமியாரோ கணவரோ அருகில் இல்லாத ஓர் இடத்தை முதலில் தேட வேண்டும்; தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயக் காம்பராவில் அது கிடைப்பது அரிது.

இந்த அச்சத்தை அளக்கக் கனடிய ஆய்வாளர்கள் சிமார், சவார் ஆகியோர் 2009இல் வெளியிட்ட வினாத்தொகுப்பில் 42 கேள்விகள் உள்ளன. நெரிசலான கிளினிக்கில், அச்சத்தின் தீவிரத்தை மட்டும் அளக்கும் அதன் 9 கேள்விகளே போதும்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, மொத்தம் 36. அச்சம் எதைப் பற்றியது, அதாவது மரணமா, பெண்மையா, குடும்பப் பொறுப்பா, உடல்நலமா என்று அறிய வேண்டுமானால், மார்பகப் புற்றுநோயாளருக்கென்றே விக்பெர்க் 2003இல் வெளியிட்ட 30 கேள்விகள் கொண்ட அளவுகோல் பொருத்தமானது. எதைத் தேர்ந்தாலும் பதிப்புரிமையாளரின் அனுமதி பெற்றுத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு மூலமொழிக்கே மீள மொழிபெயர்த்து ஒப்பிட்ட பின், தோட்டப் பெண்கள் சிலரிடம் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்ய வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்து எடுத்த புள்ளிகளை நான் நம்பமாட்டேன்.

ஒன்பதில் ஒரு கேள்விக்குத் தனிக் கவனம் தேவை. தான் குணமாகிவிட்டதாகவும் நோய் திரும்பாது என்றும் நம்புவதாகக் கூறும் வாசகம் தலைகீழாகப் புள்ளியிடப்படுவது. 4 என்று சொன்னால் 0 என எழுத வேண்டும். கெட்டதை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர்கள் இங்கே தயக்கமின்றி உச்சப் பதிலைத் தந்துவிடக்கூடும் என்பதால், அந்த விடை மற்ற எட்டோடு முரண்படுகிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் இந்த நினைப்பு ஓடுகிறது என்ற கேள்விக்கு, காலைப் பிரட்டு (வேலைக்கு ஆள் கூடும் நேரம்) முதல் மாலையில் கொழுந்து நிறுக்கும் வரையான பொழுதை அவர் நினைத்துப் பார்க்க நேரம் கொடுங்கள். எழுத்து வாசிக்காதவருக்குச் சிறியதிலிருந்து பெரியதாக ஐந்து வட்டங்கள் வரைந்த அட்டையைக் காட்டலாம்; ஆனால் எல்லோருக்கும் அதே அட்டை, வாசிக்கும் தொனியும் அதே.

புள்ளியுடன் திகதியையும், அடுத்த கிளினிக் அல்லது மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது என்பதையும் எழுதுங்கள். பரிசோதனை நெருங்கும்போது அச்சம் கூடுவது வழக்கம். மஹரகம அல்லது கண்டி வைத்தியசாலைக்குப் பரிசோதனைக்காகப் புறப்படும் முதல்நாள் எடுத்த புள்ளியையும் முடிவு நல்லபடி வந்த பின் எடுத்ததையும் ஒப்பிட்டு, ஆலோசனையால் பயம் குறைந்தது என்று சொல்வது பிழை.

அந்த ஒன்பது கேள்விகளில் 13 அல்லது அதற்கு மேல் புள்ளி வந்தால் கவனம் தேவை என்ற எல்லை கனடாவில் கணிக்கப்பட்டது. நம் பெண்களுக்கு அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், விரிவாகப் பேசுவதற்கான அறிகுறியாக மட்டும் கொள்ள வேண்டும். புதிய கட்டி, நீங்காத எலும்பு வலி, மூச்சுத் திணறல் என்று அவர் சொன்னால் வினாத்தாளை மூடிவிட்டு வைத்தியரிடம் அனுப்புங்கள். உடல் பரிசோதனையில் குறையேதும் இல்லாதபோதும் தூக்கம் கெட்டு, வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், அவர் சம்மதத்துடன் ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அறிமுகப்படுத்துங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐயும் எழுதிக் கொடுங்கள்.