சென்னையிலிருந்து பலாலி: பறப்பது ஒன்றேகால் மணி, வாசலுக்கு எத்தனை மணி?

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்து ஊருக்கு வெளிக்கிடும் சொந்தக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "சென்னையால் போனால் கிட்டவா, கொழும்பால் போனால் கிட்டவா?"

தூரத்தை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து இன்னும் கிட்ட, ஏறக்குறைய 185. சென்னை விமானம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் எடுக்கும், திருச்சி விமானம் ஒரு மணி நேரம். இரண்டிலும் பறப்பது எழுபது எண்பது பேர் அமரும் ஏ.டி.ஆர். என்ற சின்ன விசிறி விமானம். கொழும்புக்கான விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கினாலோ, யாழ்ப்பாணத்துக்கு வாகனத்தில் ஏழெட்டு மணி நேரம்.

ஆனால் நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியது வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை. லண்டனிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ சென்னைக்கு வரும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின்தான் இறங்குகின்றன. பலாலி விமானமோ பகலில். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் குடிவரவைத் தாண்டி, பொதிகளை எடுத்து, திரும்பவும் செக்-இன் செய்ய வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதற்கே இந்திய விசா வேண்டும். திரும்பும்போதும் சென்னையால்தான் என்றால் ஒருமுறை மட்டும் நுழையும் விசா உதவாது. இதை மறந்து தவித்தவர்களை எனக்குத் தெரியும், தயவுசெய்து புறப்படும் முன் பாருங்கள். இலங்கைக்கான இ.டி.ஏ.யும் (இணையவழிப் பயண அனுமதி) தனியாக எடுக்க வேண்டும்.

பொதி அடுத்த சிக்கல். நீண்ட தூர விமானத்தில் 23 கிலோவாக இரண்டு பெட்டி விட்டிருப்பார்கள். சின்ன விமானத்தில் அவ்வளவு விடமாட்டார்கள். ஒருமுறை கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து, மருமக்களுக்கு வாங்கிய சாக்லேட், மாமாவுக்கான கம்பளிச் சட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. இப்போதெல்லாம் மேலதிக எடைக்கு முன்கூட்டியே காசு கட்டிவிடுகிறேன். கவுண்டரில் கேட்பதைவிடக் குறைவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சேவை தாமதமாகலாம், நின்றும் போகலாம். கலியாணத்துக்குப் போகிறீர்கள் என்றால் இடையில் ஒரு நாளாவது விட்டுப் போடுங்கள்.

சரி, அப்படியென்றால் யாருக்கு எது? ஊர் மட்டும்தான், நேரமும் குறைவு என்றால் கட்டுநாயக்காதான் என் தெரிவு: ஒரே டிக்கெட், ஒரே குடிவரவு, அப்புறம் இரவுப் பயணம். கலியாணச் சேலை, நகை, கோயில் என்று தமிழ்நாட்டில் நாலைந்து நாள் வேலை இருந்தால் யோசிக்காமல் சென்னையோ திருச்சியோ. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கூட வந்தாலும் அப்படித்தான். இடையில் இரண்டு இரவு தங்கி ஆறுதலாகப் போங்கள்.

அம்மாவை அப்படித்தான் கூட்டிப் போனேன். ஏ.டி.ஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் தரை தெரியும். கடல் முடிந்து பனங்கூடல் தொடங்கியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். செம்மண் தோட்டங்கள் தெரிந்தபோது கண்ணாடியில் விரலை வைத்து, "அது வெங்காயமா, புகையிலையா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இறங்கி, பலாலி வீதியால் நகரத்துக்குப் போகும் அரை மணி நேரமும் அவர் அதைத்தான் தேடிக்கொண்டு வந்தார். புன்னாலைக்கட்டுவன் தாண்டும்போது ஓட்டோக்காரத் தம்பி வேகத்தைக் குறைத்துச் சொன்னார்: "வெங்காயம்தான் அம்மா."