ஆம்ஸ்ஹவுஸைச் சத்திரம் என்று எழுதாதீர்கள்

விக்டோரியா ராணி காலத்து (1837–1901) இங்கிலாந்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலர், 'ஆம்ஸ்ஹவுஸ்' என்ற சொல் வந்ததும் 'சத்திரம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சத்திரம் வழிப்போக்கர்களுக்கானது, இரவு தங்கிவிட்டுக் காலையில் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். ஆம்ஸ்ஹவுஸுக்குக் குடிவந்தவர் பெரும்பாலும் அங்கேயே கண்மூடினார். வயது போன ஏழைக்கு, ஆயுள் உள்ளவரை வாடகையின்றி ஒரு தனவந்தரோ வணிகர் சங்கமோ விட்டுவைத்த வீடு அது. 'தர்ம வீடு' என்று எழுதினால் பொருள் கெடாது.

இதைவிடப் பெரிய பிழை, அதை 'ஒர்க்ஹவுஸ்' உடன், அதாவது கதியற்ற ஏழைகளைச் சேர்த்துக்கொண்டு வேலை வாங்கிய விடுதியுடன், குழப்புவது. 1834-ல் வந்த புதிய ஏழைகள் சட்டம் நாடு முழுவதும் ஒர்க்ஹவுஸ்களை எழுப்பியது. வரிப்பணத்தில் நடந்த அந்த இடங்களில் கணவன் ஒரு பகுதி, மனைவி ஒரு பகுதி, பிள்ளைகள் வேறொரு பகுதி. அறுபது கடந்த தம்பதியரைப் பிரிக்கக் கூடாது என்று 1847-ல் விதி வந்தும் பல ஊர்களில் அது ஏட்டோடு நின்றது. கட்டடத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம்: கதவுகளை எண்ணுங்கள். ஒர்க்ஹவுஸில் எல்லோரும் ஒரே வாசலில் பதிவு செய்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். தர்ம வீட்டில் முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கதவுகள். பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. முதுமையில் தன் கதவைத் தானே சாத்திக்கொள்ள முடிவது எத்தனை பெரிய விஷயம் என்பதை அந்த வரிசை சொல்கிறது. அமெரிக்க ஆவணங்களைப் படிக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. அங்கே ஆம்ஸ்ஹவுஸ் என்றால் பெரும்பாலும் அரசு நடத்திய ஏழைகள் விடுதிதான். பிலடெல்பியாவின் பிளாக்லி அப்படிப்பட்டது.

பெயர்களும் காலை வாரிவிடும். வின்செஸ்டரில் 1130-களில் தொடங்கிய செயின்ட் கிராஸ் ஹாஸ்பிட்டலில் வைத்தியம் பார்ப்பதில்லை. பிளாக்ஹீத்தில் வணிகர்களுக்காக 1695-ல் எழுந்த மார்டன் காலேஜில் பாடம் நடப்பதில்லை. லண்டன் பெக்காமில் மதுக்கடைக்காரர்கள் தங்கள் தொழிலில் நொடித்துப்போன முதியவர்களுக்குக் கட்டிய இல்லத்தின் பெயர் 'அசைலம்', அதாவது அடைக்கலம். அதை மனநல விடுதி என்று மொழிபெயர்ப்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சுவரில் பதித்த ஆண்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கல்லில் இருப்பது தர்மம் தொடங்கிய ஆண்டாக இருக்கலாம். ராச்செஸ்டர் நகரின் ரிச்சர்ட் வாட்ஸ் 1579-ல் எழுதிய உயிலின் பணத்தில்தான் அங்குள்ள மெய்ட்ஸ்டோன் சாலை தர்ம வீடுகள் எழுந்தன. ஆனால் எழுந்தது 1850-களின் பிற்பகுதியில். பழைய கட்டடம்போலத் தெரியும்படி வேண்டுமென்றே கட்டினார்கள். கூர்முகடுகள், உயரமான புகைபோக்கிகள், கல் சட்டமிட்ட ஜன்னல்கள் எல்லாம் டியூடர் அரசர்கள் காலத்துச் (1485–1603) சாயல். அந்தச் சாயலுக்குப் பின்னால் ஒரு வாதம் இருந்தது. கட்டடக் கலைஞர் பியூஜின் 1841-ல் இரண்டு ஓவியங்களை அருகருகே வெளியிட்டார். ஒன்றில் புதிய ஒர்க்ஹவுஸ், கஞ்சி, விலங்குச் சங்கிலி, இறந்தபின் அறுத்துப் பார்க்கப் போகும் உடல். மற்றதில் தேவாலயத்தோடு கூடிய பழைய தர்ம இல்லம், இறைச்சி, மரியாதையான அடக்கம். பழைய காலம் அத்தனை இனிமையாக இருந்தது என்று நான் நம்பவில்லை. ஆனாலும் தன் காலத்தின் கொடுமையை அவர் சரியாகவே சுட்டினார்.

அதற்காக விக்டோரியா காலத்து தர்ம வீடு என்றாலே கூர்முகடுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட், சால்டேர் ஊரில் 1868-ல் கட்டித்தந்த 45 வீடுகளும் இத்தாலியச் சாயல் கொண்டவை. வீட்டோடு வாரப் பணமும் உண்டு: தனி ஆளுக்கு ஏழரை ஷில்லிங், தம்பதிக்குப் பத்து. நாடு முழுவதற்குமான முதியோர் ஓய்வூதியம் 1909-ல் நடைமுறைக்கு வந்தபோது, எழுபது கடந்தவருக்குக் கிடைத்தது ஐந்து ஷில்லிங்தான்.

இத்தனையும் படித்ததும் ஏழைகள் எல்லோருக்கும் கதவு திறந்திருந்ததாக எண்ணத் தோன்றும். அப்படி இல்லை. நல்லொழுக்கச் சான்று வேண்டும். அந்த ஊர்க்காரராகவோ அந்தத் தொழிலைச் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும். பல இடங்களில், அதுவரை அரசு உதவிக்குக் கை நீட்டியிருக்கக் கூடாது. குடித்தால் வெளியேற்றம். எல்லா வகையிலும் நிர்க்கதியாக நின்றவருக்கு ஒர்க்ஹவுஸ் வாசல்தான் மிச்சம். கொடுத்தவரின் பணம் வந்த வழியையும் கேட்க வேண்டும். லண்டனில் 1714-ல் எழுந்த ஜெஃப்ரி தர்ம வீடுகளுக்குப் பணம் விட்டுச்சென்ற ராபர்ட் ஜெஃப்ரி அடிமை வணிகத்தில் லாபம் பார்த்தவர்.

இன்றும் பிரிட்டனில் சுமார் 1,600 அறக்கட்டளைகள் இத்தகைய வீடுகளை நடத்துகின்றன. வாடகை என்று சொல்லாமல் பராமரிப்புப் பங்கு என்று வாரந்தோறும் வாங்குகிறார்கள். ஆகவே அழகான முற்றம் கண்ணில் பட்டதும் உள்ளே புகுந்து, ஜன்னலில் முகம் வைத்துப் படம் எடுக்காதீர்கள். உள்ளே ஒரு பாட்டி தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். பார்த்தே ஆக வேண்டுமானால், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்த ஜெஃப்ரி வீடுகளில் 14-ஆம் எண்ணுக்குப் போங்கள். ஓர் அறையை 1780-களிலும் இன்னொன்றை 1880-களிலும் இருந்தபடி மீட்டு வைத்திருக்கிறார்கள். கட்டில், கணப்பு, மேசை எல்லாம் அந்த ஒற்றை அறைக்குள்ளேயே.