இரண்டு கிணற்று மணலை ஒரே கோட்டில் சேர்க்காதீர்கள்

சென்ற மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, பக்கத்துப் பக்கத்து எண்ணெய்க் கிணறுகள் இரண்டின் காமா பதிவுகளை மேசையில் விரித்தார். பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை ஆழவாரியாகக் காட்டும் வரைகோடு அது; பொதுவாக மணலில் குறையும், களியில் கூடும். ஒன்றில் இருந்த மணற்படலத்தையும் மற்றதில் இருந்ததையும் அளவுகோல் வைத்து ஒரே கோட்டால் இணைத்தார். எனக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது, ஏனென்றால் அதே கோட்டை நானும் இழுத்திருக்கிறேன். இந்த வேலையில் வழுக்கும் இடங்கள் நான்கு.

மணலைக் கொண்டுவந்தது எது என்று கேட்காதது

நாகப்பட்டினம் பக்கத்தில் இரண்டு கிணறுகளிலும் ஒரே ஆழத்தில் நல்ல மணல். நடுவில் மூன்றாவது கிணறு தோண்டச் சொன்னேன். வந்தது முழுக்க முழுக்கக் களிப்பாறை. ஒரு கிணற்றின் செலவு அத்தனையும் வீண். அந்த இரண்டு மணலும் கடலடிச் சரிவில் வெட்டப்பட்ட வெவ்வேறு கால்வாய்களை நிரப்பியவை.

பதிவு எச்சரித்துத்தான் இருந்தது. அடியில் பருமணல், மேலே போகப் போகக் களிமண்: பதிவில் இது மணி வடிவமாகத் தெரியும். கோடையில் கொள்ளிடத்துக்குப் போய், கரையோரம் ஆறு அரித்த இடத்தைப் பாருங்கள். கீழே கூழாங்கல் கலந்த மணல், மேலே பொடிமணல், உச்சியில் வண்டல். கரையேறிச் சற்று நடந்தால் வயலில் வெறும் களிமண். தரங்கம்பாடிக் கடற்கரை வேறு மாதிரி. அலை களிமண்ணை அலசிவிடுவதால் மணல் ஒரே பருமனில் சீராக இருக்கும். ஆனால் கரையை ஒட்டியே நீளும், உள்நாட்டுப் பக்கம் அகலாது.

ஒன்று சொல்லியாக வேண்டும். மணி வடிவம் ஆற்றிலும் வரும், கடலடிக் கால்வாயிலும் வரும். எது என்று அறிய, மேலும் கீழும் உள்ள களிப்பாறையில் ஃபோராமினிஃபெரா (பெரும்பாலும் கடலில் வாழும், ஓடுள்ள நுண்ணுயிர்கள்) இருக்கிறதா என்று நுண்ணுயிர்ப் புதைபடிவ ஆய்வாளரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

மேலே ஓடும் காவிரியே கீழும் ஓடியது என்று எண்ணுவது

காவிரிப் படுகையின் ஆழத்தில் கிடக்கும் புவனகிரி மணற்கல், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தது. இன்றைய டெல்டா அதற்கு வெகு பிந்தியது; இதை வைத்து அந்த மணல் போன வழியைச் சொல்ல முடியாது.

தடிப்பைக் கண்டு மயங்குவது

மணற்படலம் எவ்வளவு தடித்திருந்தாலும், மணலின் துளைகளைக் களிமண் அடைத்துவிட்டால் எண்ணெய் நகராது.

காமா அதிகம் என்றால் களிமண் என்று முடிவுகட்டுவது

ஆண்டிமடம் படிவங்கள் போன்ற அடிப்பகுதி மணல்கள் பக்கத்துக் கிரானைட், நைஸ் பாறைகள் உடைந்து வந்தவை. அவற்றில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் ஏராளம். அந்தப் பொட்டாசியமே காமா எண்ணை உயர்த்தும். நல்ல மணலைக் களி என்று ஒதுக்குவதற்கு முன் கோர் துண்டை (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறையை) நனைத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்புத் துகள்கள் பளிச்சென்று தெரியும்.