கடற்படைத் தம்பிக்கு நினைவு நாள் வைப்பது எப்படி
இராயபுரத்தில் வளர்ந்து, கடற்படையில் சப் லெப்டினன்டாகி (இளநிலை அதிகாரி), தோளில் ஒற்றைத் தங்கக் கோடு ஏறிய கொஞ்ச நாளிலேயே போய்விட்ட பையனா? முதலில் அவன் அம்மாவிடம் கேளுங்கள், பேனர் எல்லாம் அப்புறம். டிசம்பர் 4 கடற்படை தினம், 1971 போரில் நம் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவாக வருவது. ஆனால் அவனுக்கு அவன் போன தேதிதான் சரி.

வெள்ளைச் சீருடையை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் நம்ம பக்கத்துக் கடல் காற்றின் ஈரத்தில் பழுப்பேறிவிடும், துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது, தங்க முலாம் போய்விடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

மைக்கில் யாரும் முழங்க வேண்டாம் (எனக்கு அது அலுத்துவிட்டது), அவனோடு கேரம் ஆடியவர்களைப் பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். பதவி, கப்பல் பெயர், தேதி மூன்றையும் பணி ஆவணத்தைப் பார்த்தே எழுதுங்கள்.