கடலோரப் பீரங்கி ரெஜிமென்ட்: வரலாறும் சின்னமும் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துறைமுகங்களை எதிரிக் கப்பல்களிடமிருந்து காக்க அமைந்த ஒரு கடலோரப் பீரங்கி ரெஜிமென்ட்டை (பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவை) பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் அதன் சின்னத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கேடயத்தில் ஒரு கப்பல் தெரிகிறது, ஒரு கோட்டை தெரிகிறது, நாலு அலைக்கோடுகள் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்லி, அதையே வரலாறாக விரித்துவிடுகிறார்கள். வேலை இங்கேயே தலைகீழாகிவிடுகிறது. ஒரு ரெஜிமென்ட் ஏதோ ஓர் ஆண்டில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுதான் சின்னம். அதற்கு முன் அந்தப் படை என்னவாக இருந்தது என்று தெரியாமல் சின்னத்தை மட்டும் படித்தால் பாதி ஊகமாகத்தான் இருக்கும். முதலில் வம்சாவளி, பிறகு கேடயம். இந்த வரிசை மாறினால் என்னென்ன குழப்பம் வரும் என்பதற்கு அமெரிக்கக் கடலோரப் பீரங்கிப் படையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

எண்ணை நம்பி ஏமாறுவது

காலாட்படை ரெஜிமென்ட்டுக்கு ஓர் எண் இருந்தால், ஒரே படைப்பிரிவு தொடர்ந்து அந்த எண்ணைச் சுமந்து வந்திருக்கும் என்று ஓரளவு நம்பலாம். பீரங்கிப் படையில் அந்த நம்பிக்கை செல்லாது. அமெரிக்காவில் 1821-இல் நான்கு பீரங்கி ரெஜிமென்ட்டுகள் அமைந்தன. ஐந்தாவது 1861-இலும், ஆறும் ஏழும் 1898-இலும் வந்தன. 1901-இல் அந்த ஏழு ரெஜிமென்ட்டுகளையும் ஒரேயடியாகக் கலைத்து, சிறு படைக்குழுக்களாக, அதாவது 126 கடலோரக் கம்பெனிகளாகவும் 30 களப் பேட்டரிகளாகவும் பிரித்தார்கள். 1907-இல் தரைப்படையோடு நகர்ந்து போரிடும் களப் பீரங்கியும் கடலோரப் பீரங்கியும் தனித்தனிப் பிரிவுகள் ஆயின. களப் பீரங்கிக்கு உடனே ஆறு புதிய ரெஜிமென்ட்டுகள் கிடைத்தன. கடலோரப் பிரிவோ கம்பெனிகளாகவே நின்றது. முதல் உலகப்போருக்காக அவசரமாகத் திரட்டியவற்றை விட்டுவிட்டால், அதற்கு நிலையான ரெஜிமென்ட் அமைப்பு திரும்பி வந்தது 1924-இல்தான்.

ஆக, 1924-க்குப் பிறகு ‘3-வது’ என்ற எண்ணில் ஒரு களப் பீரங்கி ரெஜிமென்ட் உண்டு, ஒரு கடலோர ரெஜிமென்ட்டும் உண்டு. இரண்டில் எதுவும் 1821-இன் பழைய மூன்றாவது ரெஜிமென்ட் முழுமையாக அப்படியே தொடர்ந்து வந்தது ஆகாது. பழைய பேட்டரிகள் சிதறி வெவ்வேறு இடங்களில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒட்டி ஒரே கதையாக்கினால், ஒரு படை ஒரே நாளில் இரண்டு போர்முனைகளில் நின்றதாகக்கூட எழுத வேண்டிவரும்.

இதற்குக் கைகண்ட வழி, ரெஜிமென்ட்டை விட்டுவிட்டுக் கம்பெனியைப் பின்தொடர்வது. கடலோரப் பீரங்கியில் உயிருள்ள அலகு கம்பெனிதான், அதாவது பிற்காலத்தில் பேட்டரி என்று அழைக்கப்பட்ட நூறு சொச்சம் பேர். அந்தக் கம்பெனி எந்த ஆண்டில் எந்தப் பெயரில், எந்தக் கோட்டையில் இருந்தது என்று ஒரு கால அட்டவணை போட்டுவிட்டால் மற்ற முடிச்சுகள் தாமாக அவிழும். 1944-இல் துறைமுகக் காவல் ரெஜிமென்ட்டுகள் பட்டாலியன் எனும் சிறிய பிரிவுகளாக உடைந்ததையும், 1950-இல் கடலோரப் பிரிவே களப் பீரங்கியோடு இணைந்து மறைந்ததையும் அந்த அட்டவணையிலேயே குறித்துவிட வேண்டும்.

ஒரே பெயரில் ஆட்களும் பீரங்கி மேடையும்

என் பார்வையில் இந்தத் துறையில் மிக அதிகம் நடக்கும் தவறு, ‘பேட்டரி’ என்பதை ஒரே பொருளில் படிப்பது. கடலோரப் பீரங்கியில் அது இரண்டு பொருட்களைக் குறிக்கும். ஏ, பி, சி என்று எழுத்தால் அழைக்கப்படும் பேட்டரி ஒரு படைக்குழு, அதாவது ஆட்கள். ஒரு மனிதரின் பெயரால் அழைக்கப்படும் பேட்டரி கான்கிரீட் மேடையும் அதிலுள்ள பீரங்கிகளும். முன்னது இடம் மாறும், பின்னது மாறாது.

பிலிப்பைன்ஸில் மணிலா விரிகுடாவின் வாயிலில் இருக்கும் கொரெகிடோர் தீவையும் அதன் துணைக் கோட்டைகளையும், ஜப்பானியரோடு போர் நடந்த 1942-இல் பாருங்கள். டிரம் கோட்டை ஒரு சிறு தீவைச் சீவித் தட்டையாக்கி அதன்மேல் போர்க்கப்பல் போலக் கட்டிய கான்கிரீட் கோட்டை. அதன் இரண்டு சுழல் கூண்டுகளில் நான்கு 14 அங்குலப் பீரங்கிகள் (அங்குலக் கணக்கு குழல்வாயின் விட்டம்) இருந்தன. ஒரு கூண்டின் பெயர் பேட்டரி மார்ஷல், மற்றதன் பெயர் பேட்டரி வில்சன். இரண்டையும் இயக்கியது 59-வது ரெஜிமென்ட்டின் ‘இ’ பேட்டரி. அதே நேரத்தில் கொரெகிடோரில் பேட்டரி வே என்ற மேடையில் நான்கு 12 அங்குல மோர்ட்டார்கள், அதாவது குண்டை மேல்நோக்கி உயர எறியும் குட்டைக்குழல் பீரங்கிகள். அவற்றை இயக்கியதும் ‘இ’ பேட்டரிதான், ஆனால் 60-வது ரெஜிமென்ட்டுடையது. அந்த 60-வது ஒரு விமான எதிர்ப்பு ரெஜிமென்ட். அந்தக் குழுவின் வழக்கமான வேலை இரவில் வானத்தில் தேடுவிளக்கு பாய்ச்சுவது. தேடுவிளக்கு ஆட்கள் கடைசி வாரங்களில் கனரக மோர்ட்டாரைக் கற்றுக்கொண்டு சுட்டிருக்கிறார்கள்.

‘இ பேட்டரி சுட்டது’ என்று மட்டும் எழுதினால் வாசகர் எந்தத் தீவை நினைப்பார்? ‘பேட்டரி வே சுட்டது’ என்று மட்டும் எழுதினால் அந்த ஆட்களின் உழைப்பு கான்கிரீட்டின் கணக்கில் போய்விடும். ரெஜிமென்ட் எண், குழுவின் எழுத்து, மேடையின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

பெயரில் கடல் இருந்தால் கடற்கரை என்று முடிவு கட்டுவது

முதல் உலகப்போரில் பிரான்ஸுக்குப் போன அமெரிக்கக் கடலோரப் பீரங்கி வீரர்கள் அங்கே கடலைக் காக்கவில்லை. பெரிய பீரங்கியைக் கையாளத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பதால், ரயில் மீது ஏற்றிய பீரங்கிகளும் டிராக்டர் இழுத்த கனரகப் பீரங்கிகளும் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டன. போருக்குப் பிறகு விமான எதிர்ப்பு வேலையும் இதே பிரிவின் தலையில் விழுந்தது. அதனால் 1941-இல் ‘கடலோரப் பீரங்கி’ என்ற பெயர் கொண்ட பல ரெஜிமென்ட்டுகள் கடலைச் சுட்டதே கிடையாது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் 200-வது ரெஜிமென்ட் அப்படிப்பட்டது. கடற்கரையே இல்லாத மாநிலம் அது. குதிரைப்படையாக இருந்து 1940-இல் பீரங்கிப் படையாக மாற்றப்பட்டவர்கள், லூசோன் தீவின் உள்நாட்டில் இருந்த கிளார்க் விமானதளத்தைக் காக்கப் போனார்கள். அந்த ரெஜிமென்ட்டிலிருந்தே ஆட்களைப் பிரித்து 515-வது உருவானது. இரண்டு படைகளும் 1942 ஏப்ரல் 9 அன்று, கொரெகிடோருக்கு வடக்கே உள்ள பட்டான் தீபகற்பத்தில் வீழ்ந்தன.

இங்கேதான் குறிக்கோள் வாசகமும் ஏமாற்றும். 60-வது ரெஜிமென்ட்டின் லத்தீன் வாசகம் ‘கோய்லிஸ் இம்பெராமுஸ்’. வானத்தை நாங்கள் ஆள்கிறோம் என்று பொருள். அதை வைத்து, அந்தப் படை பிறந்ததே வானத்தைக் காக்கத்தான் என்று எழுதுகிறார்கள். 1918-இல் பிரான்ஸில் அதே ரெஜிமென்ட் 155 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு தரைப்போரில் நின்றது. வாசகம் பிந்திய வாழ்க்கையைச் சொல்கிறது. முந்தியதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

கேடயத்தைப் படிக்கும்போது

சிவப்பிலிருந்து தொடங்கலாம். கேடயத்தில் சிவப்பைக் கண்டதும் ‘சிந்திய ரத்தம்’ என்று எழுதக் கை துடிக்கும். அமெரிக்கப் பீரங்கிப் படையின் பிரிவு நிறமே செஞ்சிவப்புதான். ரெஜிமென்ட்டின் கொடியும் செஞ்சிவப்பு, அதன் ஓரக் குஞ்சம் மஞ்சள். கேடயத்தில் அந்த நிறம் முதலில் சொல்வது ‘நாங்கள் பீரங்கிப் படை’ என்பதை மட்டுமே. அதிகாரபூர்வ விளக்கத்தில் ரத்தம், தியாகம் என்று இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

அடுத்தது வலம், இடம். சின்னவியலில் வலப்பக்கம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலம். எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது இடப்பக்கமாகத் தெரியும். இதைக் கவனிக்காமல், சின்னத்தைச் சொற்களில் விவரிக்கும் அதிகாரபூர்வ வருணனையை வைத்துப் படம் வரைந்தால் சிங்கம் எதிர்த்திசையைப் பார்க்கும். வருணனைக்கும் படத்துக்கும் முரண்பாடு வந்தால் வருணனையே செல்லும். ஓவியர் சிங்கத்தின் வாலை எப்படிச் சுருட்டுகிறார் என்பது அவர் விருப்பம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் அவருக்கு விருப்பம் கிடையாது.

கேடயத்துக்கு மேலே, இருநிற முறுக்குக் கயிற்றின்மீது நிற்கும் முகட்டுச் சின்னத்தில்தான் பெரிய பிழைகள் நடக்கின்றன. நியூயார்க் மாநிலத் தேசியக் காவல்படையின் 244-வது, 245-வது கடலோர ரெஜிமென்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்விரித்த ஒரு கப்பல் முகட்டில் நிற்கும். கடலோரப் பீரங்கி, அதன்மேல் கப்பல். உடனே ஒரு கடற்போர்க் கதை தயாராகிவிடும். அந்தக் கப்பல் 1609-இல் ஹென்றி ஹட்சன் ஓட்டிவந்த ‘ஹாஃப் மூன்’. நியூயார்க் மாநிலப் படைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான முகடு அது. கடலையே பார்க்காத காலாட்படை ரெஜிமென்ட்டின் கேடயத்தின் மேலும் அதே கப்பல் இருக்கும். இதேபோல, ரிசர்வ் படையின் ரெஜிமென்ட்டுகளுக்கெல்லாம் லெக்சிங்டன் நகரில் நிற்கும் ‘மினிட் மேன்’ (அமெரிக்க விடுதலைப் போரின் குடிப்படை வீரர்) சிலையின் உருவம் பொது முகடு. அதைப் பார்த்துவிட்டு அந்தப் படை 1775-இல் லெக்சிங்டனில் போரிட்டது என்று எழுதிவிடக் கூடாது. முகடு தனிப்பட்டதா, மாநிலத்துக்குப் பொதுவானதா என்று பார்த்த பிறகே அதற்குப் பொருள் சொல்ல வேண்டும்.

தோள்பட்டையில் தைக்கும் துணிச் சின்னத்தையும் ரெஜிமென்ட்டின் சின்னத்தையும் கலப்பது இன்னொரு வழக்கம். நீலப் பின்புலத்தில் வெள்ளைக் கடற்சிங்கம், மேல்பாதி சிங்கமும் கீழ்ப்பாதி மீனுமாக இருக்கும் துணிச் சின்னம், பிலிப்பைன்ஸ் துறை என்ற, அங்கிருந்த அமெரிக்கத் தரைப்படையின் தலைமைப் பிரிவு முழுவதற்கும் உரியது. எந்த ஒரு ரெஜிமென்ட்டுக்கும் அது தனிச்சொத்து அன்று. அந்த உருவம் 1596-இல் ஸ்பெயின் மணிலா நகரத்துக்கு வழங்கிய சின்னத்திலிருந்து வந்தது. காலரில் குத்தும் பிரிவுச் சின்னமோ வேறு: குறுக்காக வைத்த இரண்டு பீரங்கிகள், நடுவே சிவப்பு முட்டைவடிவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு குண்டு. பழைய புகைப்படம் கையில் கிடைத்தால் அந்த முட்டைவடிவத்தைத் தேடுங்கள். அது இருந்தால் கடலோரப் பீரங்கி. வெறும் குறுக்குப் பீரங்கிகள் என்றால் பெரும்பாலும் களப் பீரங்கி.

பிரிட்டிஷ் படைக்கு இந்தப் பாடங்கள் அப்படியே பொருந்தாது. அங்கே ராயல் ஆர்ட்டிலரி எனும் பீரங்கிப் படைக்கு ரெஜிமென்ட் கொடியே கிடையாது. பீரங்கிகளே அவர்களுக்குக் கொடி. போர் விருதுகளைப் பட்டியலிடும் வழக்கமும் இல்லை. 1830-களில் நான்காம் வில்லியம் மன்னர் வழங்கிய ‘உபிக்வே’, அதாவது ‘எங்கெங்கும்’ என்ற ஒரு சொல் எல்லாப் போர்களுக்கும் சேர்த்து நிற்கிறது. பழைய தொண்டர் பீரங்கிப் படைகளின் தொப்பிச் சின்னத்தில் அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இலைக்கொத்து இருக்கும். அது தேய்ந்துபோன எழுத்து என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். முழுநேரப் படையா, தொண்டர் படையா என்று சொல்லும் சான்று அது.

தவறான பக்கம் பார்த்த பீரங்கிகள் என்ற கதை

சிங்கப்பூரின் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தபடி சிமென்டில் புதைந்து நின்றன, அதனால்தான் 1942 பிப்ரவரி 15 அன்று தீவு விழுந்தது என்ற கதையை இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே கடலோரப் பீரங்கிகளைக் கவனித்தவை பிரிட்டிஷ் ராயல் ஆர்ட்டிலரியின் 7-வது, 9-வது கடலோர ரெஜிமென்ட்டுகள். 15 அங்குலப் பீரங்கிகள் மொத்தம் ஐந்து: ஜோகூர் பேட்டரியில் மூன்று, புவனா விஸ்டாவில் இரண்டு. புவனா விஸ்டாவின் இரண்டும் வடக்கே திரும்ப முடியாதவை என்பது உண்மை. ஜோகூர் பேட்டரி நிலப்பக்கம் திரும்பிச் சுடவே செய்தது. குறை குண்டில் இருந்தது. கிடங்கில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள். அவை மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து வெடிக்கும். பரவி வரும் காலாட்படைக்கு அவற்றால் பெரிய சேதம் இல்லை.

கொரெகிடோரிலும் இதே சிக்கல் வந்தது. 1942 ஜனவரியில் பேட்டரி கியரியின் மோர்ட்டார்கள் பட்டான் முனையில் இறங்கிய ஜப்பானியர் மீது சுட்டபோது பலன் கொடுத்தது, தரைத் தாக்குதலுக்கென்றே செய்த 670 பவுண்டு குண்டு. மோர்ட்டார் எல்லாப் பக்கமும் திரும்பும் என்பதும் உதவியது. ஆனால் அந்தக் குண்டுகள் கைவசம் குறைவு. ஆகவே ஒரு கடலோர ரெஜிமென்ட்டின் போர்த்திறனை எழுதும்போது பீரங்கியின் அங்குலக் கணக்கோடு நிறுத்தக் கூடாது. எந்தக் கோணம் வரை திரும்பும், கிடங்கில் என்ன வகைக் குண்டு, மேலே கூரை உண்டா என்ற மூன்றையும் தேடிப் பிடித்து எழுத வேண்டும். கூரை இல்லாத திறந்த குழி மேடையில் இருந்த பேட்டரி கியரி, மே 2 அன்று கிடங்கில் விழுந்த குண்டால் வெடித்துச் சிதறியது. அங்குலக் கணக்கு இதைச் சொல்லாது.

கலைந்த நாளும் விடுபட்ட பெயர்களும்

கொரெகிடோர் 1942 மே 6 அன்று சரணடைந்தது. அதனால் 59-வதும் 60-வதும் அன்றே கலைக்கப்பட்டன என்று எழுதுகிறார்கள். ஆட்கள் சிறைமுகாமில் இருந்த அந்த ஆண்டுகளிலெல்லாம் ரெஜிமென்ட்டுகள் ஏட்டில் உயிரோடுதான் இருந்தன. முறைப்படி செயலிழக்கச் செய்யப்பட்டது 1946-இல். சிறைமுகாமில் இறந்த ஒவ்வொருவரும் அந்த ரெஜிமென்ட்டின் உறுப்பினராகவே இறந்தார். 1942 என்று முடித்துவிட்டால் அவர்களை ரெஜிமென்ட்டின் வரலாற்றிலிருந்து நாமே வெளியேற்றியதாகிவிடும்.

அதே தீவில் 91-வது, 92-வது கடலோர ரெஜிமென்ட்டுகளும் இருந்தன. இவை பிலிப்பைன் ஸ்கவுட்ஸ். அதிகாரிகள் பெரும்பாலும் அமெரிக்கர்கள், வீரர்கள் பிலிப்பினோக்கள், படை அமெரிக்கத் தரைப்படை. 1930-களில் தனியாக உருவான பிலிப்பைன் ராணுவத்தோடு இவர்களைக் கலப்பது மிகப் பரவலான பிழை. கலந்த உடனே இவர்கள் ‘உள்ளூர்த் துணைப்படை’ ஆகிவிடுகிறார்கள், அட்டவணையின் அடியில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறார்கள். கொரெகிடோரைப் பற்றி எழுதும் எவரும் 59, 60, 91, 92 என்ற நான்கு எண்களையும் ஒரே வரிசையில் ஒரே அளவு எழுத்தில் போட்டு, ஒவ்வொன்றின் பேட்டரிகளுக்கும் எதிரே அவை இயக்கிய மேடையின் பெயரையும் எழுத வேண்டும்.