மக்பெத்துக்குள் நடக்கும் சண்டையை மேடைக்குக் கொண்டுவருவது எப்படி

சோக நாடகம் நடிக்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் நிறுத்தச் சொல்வது அந்த அழுகுரலைத்தான். வசனத்தைக் கையில் கொடுத்த மறுநிமிடம் குரல் தழுதழுக்கும், நெற்றி சுருங்கும், கை தானாக நெஞ்சுக்குப் போகும். பாத்திரம் உள்ளுக்குள் தவிக்கிறது என்று காட்டுகிறார்களாம். பார்க்கிறவனுக்குத் தெரிவது சோகமாக ஒரு ஆள், அவ்வளவுதான். எதற்கும் எதற்கும் நடுவில் அவன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான் என்பது தெரியவே தெரியாது.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஆண்டு விழா நாடகமும் என் தலையில்தான். கிடைப்பது அரை மணி நேரம். அதிலும் பாதி மைக்கைச் சரிசெய்வதில் போய்விடும். அதனால் 'மக்பெத்'தில் முதல் அங்கம், ஏழாம் காட்சியை மட்டும் எடுப்பேன். 1606 வாக்கில் எழுதிய நாடகம். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து 1623-இல்தான் அச்சேறியது. மனப்போராட்டத்தைப் பிரதியில் கண்டுபிடித்து நடிப்பில் கொண்டுவரப் பழக, இவ்வளவு தோதான காட்சி வேறொன்று எனக்கு அகப்படவில்லை.

நிலவரம் இது. ஸ்காட்லாந்து மன்னர் டங்கன் மக்பெத்தின் கோட்டைக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார். உள்ளே பந்தி நடக்கிறது. ராத்திரி அவரைக் கொன்று அரியணையைப் பிடிப்பது என்று மக்பெத்தின் மனைவி தீர்மானித்துவிட்டாள். மக்பெத் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வெளியே வந்து தனியே பேசுகிறான்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், தனியாக இருக்கும்போது அவன் சொல்வதெல்லாம். வலப்பக்கம், மனைவி வந்த பிறகு அவளிடம் சொல்வதெல்லாம். உரையைப் பார்த்துக் காப்பி அடிக்காமல் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். ஜெராக்ஸ் தாளில் அடிக்கோடு போட்டால் புரிந்த மாதிரி ஒரு நினைப்பு வரும், அவ்வளவுதான்.

இடப்பக்கம் நிரம்பி வழியும். இந்த ஒரு அடியோடு கதை முடிந்துவிடும் என்றால் மறுமையைப் பற்றிக்கூடக் கவலைப்பட மாட்டேன். ஆனால் முடியாதே, நாம் கற்றுக்கொடுக்கும் ரத்தப் பாடம் நம்மிடமே திரும்புமே. அவர் எனக்கு உறவு. நான் அவர் பிரஜை. விருந்துக்கு அழைத்தவன், கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவன், நானே கத்தியைத் தூக்குவதா? அதிகாரத்தை அடக்கமாக வைத்திருந்த நல்ல ராஜா. அவர் குணங்களே தேவதூதர்களாக எக்காளம் ஊதும். இரக்கம், பிறந்த குழந்தையாகக் காற்றில் ஏறி வந்து எல்லோர் கண்ணிலும் நீரை வரவழைக்கும். இத்தனைக்கும் எதிரே அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று: பேராசை. அதையும் அவனே சொல்லிவிடுகிறான்.

மனைவி வருகிறாள். இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடுவோம் என்கிறான். ஏன்? ராஜா இப்போதுதான் என்னைக் கௌரவித்தார், ஜனங்களிடம் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன், மெருகு போவதற்குள் அதைத் தூக்கிப் போடுவானேன்? வலப்பக்கம் இவ்வளவுதான். உறவு, விருந்து, தேவதூதர், குழந்தை எதுவும் வாயில் வரவில்லை.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த வித்தியாசத்தைத்தான் நீங்கள் நடிக்க வேண்டும். மனசாட்சி இருப்பதை மனைவியிடம் காட்ட அவனுக்குக் கூச்சம். அதனால் சொத்தைக் காரணத்தை வைத்து வாதாடுகிறான், தோற்கிறான். சொல்லாத காரணங்களுக்கு அவள் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது. கோழை என்கிறாள், நீ ஆம்பளையா என்கிறாள். அப்புறம் அந்தப் பயங்கரமான வாக்கியம்: உன்னைப் போல நான் சத்தியம் செய்திருந்தால், பால் குடித்துக்கொண்டே என் முகம் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையைப் பிடுங்கி மண்டையை உடைத்திருப்பேன். அவன் தனியே பேசியதை அவள் கேட்கவில்லை என்பதை மறக்காதீர்கள். இருந்தும், இரக்கம் என்று அவன் எந்தக் குழந்தையைச் சொன்னானோ, அதே மாதிரி ஒரு குழந்தையைத்தான் அவள் கொன்று காட்டுகிறாள். எத்தனை தடவை பாடம் நடத்தினாலும் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் குளிரெடுக்கும்.

உடனே மக்பெத் கேட்பது: "தோற்றுவிட்டால்?" இதைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். செய்யலாமா என்று வந்தவன் முடியுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். காட்சி திரும்புவது இந்த வரியில். கொலை நடப்பது பிறகு, ஆனால் இனி அது நடக்கும். ஆங்கிலத்தில் 'We fail' என்று இரண்டே சொல்லில் வரும் அவளுடைய பதிலை எப்படிச் சொல்வது என்று நடிகைகள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பேர்வாங்கிய சாரா சிடன்ஸ் கேலியாக, ஆத்திரமாக என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் "தோற்றால் தோற்றோம்" என்கிற மாதிரி அமைதியாகச் சொல்வதில் வந்து நின்றாராம். மூன்றையும் முயன்று பாருங்கள். என் ஓட்டு சிடன்ஸுக்கு.

ஒத்திகையில் ஒரு பயிற்சி. ஒரே ஒரு தடவை, வசனத்தை மூடி வைத்துவிட்டு, இடப்பக்கத்தில் எழுதியதையெல்லாம் மக்பெத் தன் மனைவியிடம் நேராகச் சொல்லட்டும். அவர் நம் விருந்தாளி, பாவம், நல்லவர், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. போன முறை ஒரு பையன் இப்படிச் சொன்னதும், மனைவியாக நடித்த பெண் பதில் வராமல் நின்றுவிட்டு, "மேடம், இப்படிச் சொன்னா நான் எப்படி அவனைக் கிளப்புறது?" என்றாள். அதுதான் வேண்டும். அடுத்த ஓட்டத்தில் பழையபடி எழுதிய வசனத்துக்குப் போங்கள். நல்ல பேர், கௌரவம் என்று அவன் பேசும்போது வார்த்தைகளுக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் தானாக வந்து உட்காரும். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

தாளில் போட்ட கோட்டை அழிக்காமல் நாடகம் முழுக்கப் போங்கள். கொலை முடிந்து கத்திகளைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வருகிறான். உள்ளே யாரோ கடவுளைக் கும்பிட்டார்கள், எனக்கு 'ஆமென்' சொல்ல வாய் வரவில்லை என்கிறான். இடப்பக்கத்து விஷயத்தை அவளிடம் இப்போதுதான் கொட்டுகிறான், காரியம் முடிந்த பிறகு. பிற்பாடு, அவன் ஆள் வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவி விருந்தில் வந்து உட்காரும்போது அது ஊர் முன்னாலேயே உடைந்து கொட்டுகிறது.

மனைவிக்கும் ஒரு தாள் போடுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவளை ஒரு ராட்சசியாக்கி, உருட்டி விழிக்கவைத்து முடித்துவிடுவார்கள். தூங்குகிற டங்கன் என் அப்பா சாயலில் இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன் என்று ஒரு வரி சொல்கிறாள். தனியாக இருக்கும்போது. கணவனிடம் அதை ஒருபோதும் சொல்வதில்லை. அவனிடம் சொல்வது, கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவினால் போய்விடும். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து வந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாளே, அப்போது வருவது அவளுடைய இடப்பக்கம்தான். வைத்தியரும் பணிப்பெண்ணும் ஒளிந்து கேட்பது அவளுக்குத் தெரியாது. தயவுசெய்து கையில் சிவப்புச் சாயம் பூசாதீர்கள். கறை அவள் கண்ணுக்கு மட்டும்தான்.

மக்பெத்தோ எதிர்த் திசையில் போகிறான். அரண்மனைப் பெண்களின் அலறல் கேட்கிறது; ஒரு காலத்தில் ராத்திரிக் கூச்சல் கேட்டால் உடம்பு சில்லிடும், இப்போது பயத்தின் ருசியே மறந்துவிட்டது என்கிறான். மனைவி இறந்த செய்தி அடுத்து வருகிறது. நாளை, நாளை, நாளை என்று ஊர்ந்து போகும் நாட்களைப் பற்றிய அந்தப் பிரபலமான பேச்சு அப்போதுதான். தாளில் இரண்டு பக்கமும் இங்கே ஒன்றாகிவிட்டன, சண்டை ஓய்ந்துவிட்டது. ஆகவே கண்ணீர் கூடாது. கணக்குப் புத்தகம் வாசிக்கிற குரலில் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று, இந்தத் தாள் எல்லா நாடகத்துக்கும் அப்படியே ஒத்துவராது. கிரேக்க நாடகத்தில் குழுப்பாடகர்கள் ஒருமுறை மேடைக்கு வந்தால் பெரும்பாலும் கடைசிவரை அங்கேயே நிற்பார்கள். நாயகிக்குத் தனிமை கிடைப்பது அரிது. கி.மு. 431-இல் யூரிபிடிஸ் அரங்கேற்றிய 'மெடியா'வில், கைவிட்ட கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்லலாமா என்று அவள் தடுமாறுவதை கொரிந்து நகரத்துப் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே தாளில் கோடு வேறு இடத்தில் போடுங்கள். பிள்ளைகளைப் பார்க்கும்போது சொல்வது ஒரு பக்கம், எதிரிகள் சிரிப்பார்களே என்று நினைக்கும்போது சொல்வது மறுபக்கம். மாற்றி மாற்றிப் பல தடவை போய் வருகிறாள். பார்வை எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு வரிக்கும் குறித்துக்கொண்டால் பாதி இயக்கம் முடிந்தது.

இதற்கு மேடையில் இரண்டு சின்னப் பசங்கள் வேண்டும். இந்த இடத்தில் அவர்களுக்கு வசனம் கிடையாது, அம்மாவைப் பார்த்துச் சிரித்தால் போதும். துறையில் யாராவது ஒருவர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். என்ன கதை என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அனுப்ப மாட்டார்கள்.